பச்சைப் பொட்டலமும் புது பம்பும்

மார்ச் 4, செவ்வாய்

நான் அப்போதே சொன்னேன். போன புயல் காலத்திலேயே அண்ணன் மகள் யூச்சென்னிடம், உன் டாக்சி மேட்டில் முக்கப்போகிறது என்றேன். இன்று சமதரையிலேயே முக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தது. வேறொரு பட்டறையில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்களாம். நான் எஞ்சினில் காது வைத்துக் கேட்டேன். உயர் அழுத்த எரிபொருள் பம்ப்தான் செத்திருக்கிறது.

"சனிக்கிழமைக்குள்ள ஓடலன்னா வித்துடுவேன் சித்தப்பா. சிஞ்சு ஊர் ஃபேக்டரி வேலைக்கே திரும்பப் போக வேண்டியதுதான்."

"வெள்ளிக்கிழமையே ஓட்டிட்டுப் போ."

சியாயி வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் காலமாகிவிட்டார்.

மார்ச் 5

பம்ப் வந்தது.

மார்ச் 6, வியாழன்

முதலில் பேட்டரி மேல் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் வைத்தேன். பச்சை வைத்தால் எந்த இயந்திரமும் சொன்ன பேச்சு கேட்கும். மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்கும். இது தெரியாதவன் இந்தத் தீவிலேயே கிடையாது.

எஞ்சினுக்குள் சுழன்று பம்பை இடிக்கும் கேம் தண்டின் மேடு இறங்கி நிற்கும்போதுதான் பம்பை உட்கார்த்த வேண்டும். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கையால், அரை அரைச் சுற்று. ஒரு பக்கம் முந்தினால் பம்ப் சாயும், போல்ட் முறியும்.

மனைவி மெய்யுன் எட்டிப் பார்த்தாள். "என்ன, எப்பவும் போல்ட் முறுக்குற ஏர் கன்னை இன்னிக்குத் தொடவே இல்ல? காய்ச்சலா?"

"அனுபவம்" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. சரி, மூன்றாவது. குழாயில் காற்று இருந்தால் கடல் தாயே வந்து திருகினாலும் மூன்றாவதுதான்.

யூச்சென் அலிஷான் மலைப்பாதையில் ஏறிவிட்டுப் போன் செய்தாள். "டூரிஸ்ட் பஸ்ஸையே முந்திட்டேன் சித்தப்பா."

"அப்ப சிஞ்சு?"

"சவாரி வந்தா போறேன்."



மார்ச் 9, ஞாயிறு

தெருவே என் பச்சைப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நான்தான் சொல்லிவைத்தேன்.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன், வியாழக்கிழமை எழுதியது பொய். கடையில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது மஞ்சள்தான், அதையே வைத்தேன். மெய்யுன் கண்ணில் படாமல் துணியால் மூடியிருந்தேன். அந்தப் பயத்தில்தான் கேம் மேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அரை அரைச் சுற்றாக முறுக்கினேன்.

பச்சை கிடைத்திருந்தால் ஏர் கன்னைத்தான் எடுத்திருப்பேன்.