சுவரில் ஒரு வட்டம்

அக்காவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காது வலி குறையவில்லை. ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் எங்கே போனதென்று உனக்குத் தெரியும்.

சேமிப்புக் கம்பெனிக்காரன் ஓடிப்போனதிலிருந்து நம் குடியிருப்பே அவனை மட்டும் திட்டுகிறது. இத்தனை மாடியும் அவன் தனியாகவா ஏறி இறங்கினான்? போலீஸ் இங்கே யாரையும் விசாரிக்கவில்லை. அதனால் நானே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டேன். "நாங்களும் ஏமாந்தவங்கதாம்மா" என்றார்கள். தையல்காரம்மா மட்டும் உடைத்துச் சொன்னார்: "பத்துப் பேரைச் சேத்துவிட்டா சுவர்க்கடிகாரம் குடுத்தான். இப்பப் பாரு, ஒரு வீட்டுலயும் மணி பாக்க முடியாது!"

பார்த்தேன். கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். அதன் பின்னால் பெயின்ட் மங்காமல் இருந்த வட்டத்தைக் கழற்ற முடியவில்லை.

நேற்று உன் வீட்டுச் சுவரைக் காட்டி, "பெரிம்மா, டிக்டிக் எங்க?" என்று பாப்பா கேட்டாள். "ரிப்பேர்டி செல்லம்" என்று சொல்லிவிட்டு நீ சமையலறைக்குள் போய்விட்டாய்.

நான் பணம் கட்டிய மறுவாரம்தான் அது உன் சுவரில் ஏறியது. பத்தாவது ஆள் நானா, அக்கா? கம்பெனியைப் பூட்டிய அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அப்போதும் அது நம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆள் சேர்த்துவிட்டவர்களைப் பற்றி நாளைக்குப் போலீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறேன். உன்னை மட்டும் விட்டுவிடலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாப்பா மறுபடி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அந்த இடத்தில் காலண்டர் மாட்டி மறைத்துவிடாதே. விசாரிக்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.

உன் தங்கை