அம்மாவின் கல்லில் ஒரு பகா எண்

12 அக்டோபர் 2002, சனி

முதலியார்பேட்டையில் சலவைக்கல் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா போய்ப் பத்து வருடம். கல்லறைத் திருநாளுக்குள் புதுக்கல் வைத்தே தீர வேண்டும் என்கிறார் அப்பா. 'தெரேஸ்' என்ற பெயருக்கும் தேதிகளுக்கும் கீழே ஒரு எண் வருமாம்: 4507445537641. அம்மா இறந்த வருடம் அப்பா கண்டெடுத்த பகா எண். அதற்கும் கீழே, 'எதனாலும் வகுபடாதது'. காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷன் பெண்டாட்டிக்கு வேறு என்ன எழுதுவார்?

கல் வெட்டும் தணிகாசலம், "இன்னா சார், போன் நம்பரா?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை.

17 அக்டோபர்

ஆபீசில் வேலை இல்லை. ஒரு எண்ணை எது வகுக்கும் என்று தேட, சும்மா ஒரு சின்ன புரோகிராம் எழுதி அப்பாவின் எண்ணைப் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் 9091 என்று காட்டி நின்றுவிட்டது. தப்பாக அடித்திருப்பேன் என்று காகிதத்தில் வகுத்தேன். மீதி பூஜ்யம்.

திரும்பவும் வகுத்தேன். பூஜ்யம்தான்.

18 அக்டோபர்

சொல்வதா, வேண்டாமா?

19 அக்டோபர்

பேச்சுவாக்கில் அப்பாவிடம் கேட்டேன். ஐயாயிரம் வரையுள்ள பகா எண்களால் கையாலேயே வகுத்தாராம். அதற்கு மேல், வகுக்காமலே பகா எண்ணா என்று பார்க்கிற ஃபெர்மாவின் சோதனை. இரண்டு, மூன்று, ஐந்து என்று எதை வைத்துச் சோதித்தாலும் தேறியதாம். தேறத்தான் செய்யும். அந்தச் சோதனையில் பகா எண் போலவே தேறிவிட்டு, உள்ளே உடைகிற எண்கள் அபூர்வமாக உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. அது அப்பாவிடம்தானா வந்து மாட்ட வேண்டும்?

திங்கட்கிழமை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கல்லறைக்கு வருகிறவர்கள் பூ வைப்பார்களா, வகுத்துப் பார்ப்பார்களா? ஆனால் எனக்குத் தெரியுமே. சொன்னால் — அவர் நெஞ்சு தாங்குமா? ஏற்கெனவே ஒரு அடைப்பு.

20 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். அப்பா பேனாவை எடுத்து அவரே வகுத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. ஏன்டி சொன்னே, ஏன் சொன்னே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து வருஷமா அவகிட்ட தப்பா சொல்லினு இருந்திருக்கேன் லேயா. கல்லுலயும் வெட்டியிருப்பேன்."

எண்ணையே எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வகுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அழுகையாக வந்தது.

21 அக்டோபர்

அப்பா தனியாகப் போய்த் தணிகாசலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

கூட்டம். சாமந்தி வாசனை. இன்றைக்குத்தான் கல்லைப் பார்த்தேன்.

எண் அங்கேதான் இருக்கிறது. 'எதனாலும் வகுபடாதது' இல்லை. அந்த இடத்தில் சின்னதாக வெட்டியிருக்கிறது: 9091 × 18181 × 27271.

நான் கொடுத்தது முதல் எண்ணை மட்டும்தான். மற்ற இரண்டையும் அவரே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்.

அப்பா மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். "தெரேஸ், இப்ப சரியா இருக்கு" என்றார்.