ஆப்பிள் மரம்: ஒரு திருத்தம்

டிசம்பர் 18, வியாழன்

காலையில் பனி மாதிரி ஏதோ. எட்டு மணிக்குள் வெயில். மதுரையில் குளிர்காலம் என்பது மின்விசிறியை நான்கிலிருந்து மூன்றுக்குக் குறைப்பது.

வசந்தா போய் நான்கு மாதம். இன்று அவளுடைய அலமாரி. புடவைகளைத் தொடவில்லை. அடித்தட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு வாட்டர் கலர் பிரஷ், ஒரு எவர்சில்வர் டம்ளர். நோட்டு முழுக்க ஆப்பிள் மரம். பின்னால் கிணற்றடியில் ஐந்து வருடமாக நிற்கிறதே, இன்னும் ஒரு காய்கூடக் காய்க்காமல், அது.

முதல் பக்கத்தில் சட்டதிட்டம்:

மார்கழியில் எல்லா இலையையும் கையால் பறிக்க வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டதென்று மரம் நம்பித் தூங்கும். விழித்தால் பூக்கும்.

பறித்தபின் ஒரு மாதம் தண்ணீர் கூடாது.

பாவம் பார்க்கக் கூடாது.

நான்காம் பக்கத்தில் என் கட்டுரை, வெட்டி ஒட்டியது. மாத இதழில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தி. மூன்று வருடம் முந்தியது. “எங்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் மொத்தம் நாற்பது இலை. என் மனைவி அதையும் பறித்துவிட்டு, ‘நீ சிம்லாவில் இருக்கிறாய்’ என்று மரத்திடம் சொல்கிறாள். மரம் நம்பவில்லை. நான் நம்பி ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்.” வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதம். அவளும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

கட்டுரைக்குக் கீழே பென்சிலில்: நாற்பது இல்லை. 612. எண்ணினேன்.

அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் எழுதியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 20, சனி

இலை பறிப்பு. காலை ஏழு முதல் பதினொன்று வரை. 300க்கு மேல் எண்ணிக்கை தவறியது. பறித்ததைச் சாக்கில் கொட்டி, சாக்கிலிருந்து மறுபடி எண்ணினேன். 1,087. மரம் வளர்ந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

பால்காரம்மா வாசலில் எதிர்வீட்டுக்காரியிடம்: “பொண்டாட்டி போன ஏக்கத்துல மரத்த மொட்டையடிச்சுட்டாரு.”

“நல்லாத்தான் இருந்தாரு.”

“எங்க நல்லா இருந்தாரு? புஸ்தகம் எழுதுறவரும்மா.”

இடுப்பு வலி. தைலம் எங்கே என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

ஒரு காயாவது வர வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். அவள் செய்தது கோமாளித்தனம் இல்லை என்று எனக்கு நானே நிரூபிக்க ஒரு காய்.

டிசம்பர் 28, ஞாயிறு

மரம் விளக்குமாறு மாதிரி நிற்கிறது. மண் வெடிப்பு. தண்ணீர் ஊற்றவில்லை. சட்டம்.

ஃபிரிட்ஜுக்குள் பின்பக்கம் ஒரு ஆப்பிள், சுருங்கி, ஸ்டிக்கரோடு. ஆகஸ்டில் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு கிலோ. ஆப்பிள் சாப்பிடும் உடம்பா, யாரும் யோசிக்கவில்லை. “இம்புட்டும் அழுகிப் போயிரும்ங்க, நர்சம்மாட்டக் குடுங்க” என்றாள். ஆறாவது பை வந்தபோது, “நம்ம மரத்துக்குத் தெரிஞ்சா வெக்கப்படும்” என்றாள். அந்த மாதப் பத்திக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான். இருந்தாலும் நினைத்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

முடிவெட்டப் போய்த் திரும்பினால் பின்பக்கம் மோட்டார் சத்தம். வசந்தாவின் தம்பி மாரிச்சாமி. கொட்டாம்பட்டியிலிருந்து பைக்கில் ஒரு மூட்டை ஆட்டு எருவோடு வந்திருக்கிறான். மரத்தடியில், தெற்குப் பக்கம், குழாய். பாத்தி ரொம்பி வழிகிறது.

“நிறுத்துடா!”

“எதுக்கு மச்சான்? வேரு காஞ்சு கெடக்கு. அக்கா வச்ச மரம். ஒரு கொடம் தண்ணி ஊத்த ஒங்களுக்கு மனசு வரலையா?”

“அறிவிருக்கா மாப்ள ஒனக்கு? தண்ணி ஊத்தக் கூடாதுன்னு உன் அக்காவே எழுதி வச்சிருக்கா!”

இருபத்தெட்டு வருடத்தில் அவனைப் பார்த்துக் குரல் உயர்த்தியதில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். கை முழுக்கச் சேறு.

“அக்காவும்தான் தண்ணி கேட்டுச்சு மச்சான். ரெண்டு நாளு. இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. ஒரு ஸ்பூனு, ஒரு ஸ்பூனுன்னு குடுத்தீக. மணி பாத்துக் குடுத்தீக. நான் பக்கத்துலதான நின்னேன்.”

 மோட்டாரை நிறுத்தினேன். பொய். மோட்டாரை அவன்தான் நிறுத்தினான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பிடாமலே போனான். “வாரேன் மச்சான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எரு மூட்டை வாசலில்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நமக்கு இந்த வருடம் கிடையாது. தெருவெல்லாம் கரும்பு. ரவை உப்புமா.

மரத்தின் தெற்குப் பக்கம் துளிர். ஊற்றிய தண்ணீரின் வேலை. தூக்கத்தில் எழுப்பியாயிற்று. நோட்டில் இதற்குப் பரிகாரம் எதுவும் இல்லை. மாரிச்சாமிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. பிறகு அவனே கூப்பிட்டு, “மரம் எப்படி இருக்கு?” துளிர்த்திருக்கிறது என்றேன். “பாத்தீகளா!” என்றான், அவ்வளவு சந்தோஷமாக. திருத்தவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வடக்குப் பக்கம் பூ! வெள்ளை, ஓரத்தில் இளஞ்சிவப்பு. எண்ணினேன்: 11. தெற்கில் வெறும் இலை.

நோட்டில் போன வருடக் கணக்கு: பூ 9, பிடித்தது 0. அதற்கு முந்திய வருடம் பூ 2, பிடித்தது 0. பக்கத்தில்: “ர. வீட்டு மரம் பூக்கப் பிந்துகிறது.” யார் ர.?

பிப்ரவரி 24, செவ்வாய்

ர. தானே வந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் ரஹீமா. கையில் டம்ளர், அதில் நாலைந்து ஆப்பிள் பூ.

“அக்கா வருவாகன்னே தெனமும் பாத்துக்கிட்டிருந்தேண்ணே. பூ பூத்தா டம்ளரோட வந்து நிப்பாக. அப்புறந்தான் உறைச்சது. நானே எடுத்தாந்துட்டேன்.”

விஷயம் இதுதான். ஆப்பிளுக்கு ஒரு மரம் போதாது. வேறு ஜாதி மரத்தின் மகரந்தம் வேண்டும். வசந்தா இரண்டு கன்று வாங்கியிருக்கிறாள். ஒன்றுக்குத்தான் இங்கே இடம். மற்றதை ரஹீமாவிடம் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது மரம் நிற்க வேண்டிய இடத்தில் என் கார் நிற்கிறது. மாதத்தில் இருமுறை ஓடும் கார்.

பிரஷ் எதற்கென்று இப்போது புரிந்தது. ரஹீமா பூவைத் தூக்கிப் பிடிக்க, நான் தொட்டுத் தொட்டுத் தடவினேன்.

“மெதுவாண்ணே, செவுத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இழுக்குறீக. அக்கா பேசிக்கிட்டே தடவுவாக.”

“என்ன பேசுவா?”

“ஒங்களத் திட்டுவாக.”

“என்னன்னு?”

சிரித்தாள், சொல்லவில்லை. டீ போடட்டுமா என்றேன். “நோம்புண்ணே.” வெறும் கையோடு அனுப்பினேன். ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். வசந்தாவுக்குத் தெரியும் என்ன கொடுப்பதென்று.

மார்ச் 9, திங்கள்

பிடித்தது 3. மூன்று! நோட்டில் என் கையெழுத்தில் எழுதினேன். அவளுடைய பென்சிலுக்குப் பக்கத்தில் என் பேனா அசிங்கமாக இருக்கிறது.

மாரிச்சாமி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி வந்தவன் வந்து பார்த்தான். தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நான் ஊத்துன பக்கம் ஒண்ணும் இல்லையே மச்சான்.”

“இலை இருக்கில்ல மாப்ள. காய்க்குச் சாப்பாடு அதுதான் போடுது.”

உண்மையா என்று தெரியாது. சொன்னேன்.

மார்ச் 27, வெள்ளி

104 டிகிரி என்கிறார்கள். இரண்டு காய் உதிர்ந்தன. ஒன்று இருக்கிறது, நெல்லிக்காய் அளவு. குடை கட்டினேன், மரத்துக்கு. பால்காரம்மா இப்போது என்னிடம் சத்தமாகப் பேசுகிறாள், காது கேளாதவனிடம் பேசுவதுபோல.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் பார்த்தால் பாத்தியில் கிடக்கிறது. காம்பு சுருங்கி.

கழுவி நறுக்கினேன். உள்ளே வெள்ளையாக நான்கு விதை. ஒரு துண்டு வாயில் போட்டேன். துவர்ப்பு. மிச்சத்தை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் போலவே, நானும் கடைசியில் ஆப்பிளோடு.

இதழுக்குக் கோடைச் சிறப்பிதழ்ப் பத்தி இன்று அனுப்ப வேண்டும். நான்கு வரி அனுப்பினேன்:

“திருத்தம். எங்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் நாற்பது இலை என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. அப்போது 612. இப்போது 1,087. எண்ணியவர் திருமதி வசந்தா. இந்த வருடம் மட்டும் நான்.”

ஏப்ரல் 13, திங்கள்

ஆசிரியர் போன். “சார், படிச்சேன். இதுல ஜோக் எங்க இருக்கு?”

இல்லை என்றேன்.

“அப்படியே போட்டுரவா?”

அப்படியே.

வெயில். நோட்டுப்படி கோடையில் மாலை இரண்டு குடம். ஊற்றினேன். பிறகு மூன்றாவது.