யானைக்கால் பரிசோதனையில் என் இரத்தம்

கொழும்பு, 12.3.1964

அன்புள்ள அம்மாவுக்கு, சன்னாசி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் யானைக்கால் நோய்க்கான இரண்டு இரத்தப் பரிசோதனைகளை ஒப்பிடுகிறார்கள். நம் தேயிலைத் தோட்டம் இருக்கும் குளிர் மலையில் அந்த நோய் கிடையாதே என்று, நோயில்லாதவன் இரத்தமாக என்னுடையதை எடுத்தார்கள். ஒன்றில் நோய் இருப்பதாக வந்துவிட்டது. கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டேன்.

"பயப்படாதப்பா, மத்ததுல ஒண்ணுமில்ல. வயித்துல பூச்சி இருந்தாலும் இது இப்படித்தான் காட்டும்," என்றார் டாக்டர். நம் லயத்து வீட்டுப் பூச்சி கொழும்பு வரை கூடவே வந்திருக்கிறது.

தங்கச்சிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுங்கள். யானைக்காலைப் பரப்பும் கொசு இங்கே அதிகம். எனக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார். காலுறை பழைய அளவே போதும். தினமும் இரண்டு கால்களையும் நூல் பிடித்து அளந்து பார்க்கிறேன்.

உங்கள் மகன்,
சன்னாசி