மந்திரம் ஏறாத குள்ளன்

மகாராணிக்கு,

பேக்கரிக்குக் கிளம்பிட்டேன். சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. சாயங்காலம் விளையாட வர்றவங்களுக்கு பன் டப்பாவில இருக்கு. பல் டாக்டருக்கு ஒண்ணு போதும்.

ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுற நம்ம கதை விளையாட்டுல கதை சொல்றவளும் நீ, விதி போடுறவளும் நீ. ஒத்துக்கறேன். என் குள்ளனுக்கு மந்திரம் ஏறாதுன்னா, காயம் ஆத்துற மந்திரமும் ஏறாதுன்னு கறாரா சொன்னே. பாவம், ரெண்டு தடவை சாகக் கிடந்தான். விதின்னா விதிதான்னு நானும் ஏத்துக்கிட்டேன். போன வாரம் புதுசா சேர்ந்த டாக்டர் ஆடுற ஆளுக்கும் அதே குணம்தானே? ஒரு கீறல் பட்டதும் மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். உடனே, "நல்லது செய்யற மந்திரம் மட்டும் ஏறும்"னு விதியையே மாத்திட்டே! எனக்கொரு நியாயம், அவருக்கொரு நியாயமா?

நேத்து கேட்டதுக்கு, "உனக்குப் பொறாமை"ன்னு சிரிச்சே. ஆமா, பொறாமைதான். இப்ப என்னங்கறே?

சாவி பூந்தொட்டிக்கு அடியில.

பி.கு. உன் பக்கத்து நாற்காலி கால் ஆடுது. வேணும்னேதான் சரி பண்ணல. அவரை அதுல உட்கார வை.

இன்னொண்ணு. மந்திரம் ஏறாதது அந்தக் குள்ளனுக்குத்தான், எனக்கில்ல. நேத்து நான் முதுகைக் காட்டிப் படுத்திருந்தப்ப போர்வையை இழுத்துப் போர்த்தி விட்டியே, நான் தூங்கல.