கஸ்பாரின் வலது தோளை மறுபடி அளக்க வேண்டியது குறித்து

அனுப்புநர்:
க. அடைக்கலமேரி,
ஐந்தாம் பாரம் மாணவி,
த/பெ. கஸ்பார், கப்பல் தளச் சைகைக்காரர்,
ராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்,
நார்த் ஜெட்டி சரக்கேற்றுக் கம்பெனி,
சென்னை-1.

பொருள்: என் தகப்பனாரின் வலது தோளை வேறு முறையில் மறுபடி அளக்கவும், அதுவரை அவருக்கு வேறு வேலை தரவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டும் வந்து சேர்ந்தனவா என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். குமாஸ்தா ஒருவர், "பட்ச்சிகினு கீற பொண்ணு, உனுக்கு இன்னாத்துக்கும்மா தோளும் முதுகும்? உங்க நைனாவ வரச்சொல்லு" என்றார். என் தகப்பனார் வரமாட்டார். ஆகவே மறுபடியும் நானே எழுதுகிறேன்.

2. அவர் பத்தொன்பது வருடமாகக் கப்பல் தளத்தில் நின்று, சரக்கு தூக்கும் விஞ்சு இயந்திரங்களை ஓட்டும் விஞ்சுக்காரர்களுக்குக் கைச் சைகை காட்டுகிறார். இரைச்சலில் குரல் கேட்காது. வலது கை ஒரு விஞ்சுக்கு, இடது கை மற்றதற்கு. கை தலைக்கு மேல் நேராக நின்றால் 'தூக்கு'; தோள் மட்டத்தில் நீண்டால் 'நிறுத்து'. சென்ற ஜனவரியில் அறுந்த கயிறு ஒன்று அவர் வலது தோளில் அடித்தது.

3. மார்ச் மாதம் கம்பெனி வைத்தியர் அவரைச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது ஏழடி. இப்போது ஆறடி பத்தங்குலம். இரண்டே அங்குலம் குறைவு என்பதால், வேலைக்குத் தகுதி என்று எழுதிவிட்டார். ஆங்கிலக் காகிதத்தைப் படித்துச் சொல்ல நானும் உடன் போயிருந்தேன். வைத்தியர் டேப்பின் மேல்முனையைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். என் தகப்பனாரின் குதிகால்கள் தரையில் இல்லை. உடல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் ஏமாற்றவில்லை, ஐயா. விஞ்சுக்காரர் கண்ணில் கை தெளிவாகப் படவேண்டும் என்று, அந்த வேலையில் இருப்பவர்கள் எம்பியும் சாய்ந்தும்தான் கையைத் தூக்குவார்கள். வீட்டில் நான் கேட்டதற்கு, "கைய தூக்குன்னா வேற எப்டி தூக்குவாங்க கண்ணு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

4. ஏப்ரலில் ஆறு நாட்கள், குதிகாலும் முதுகும் சுவரில் பதிய அவரை நிறுத்தி, சுவரில் கரிக்கோடு போட்டு, பாகைமானியால் அளந்தேன். ஆறு நாள் சராசரியில், உடலுக்கும் கைக்கும் இடையே முதல் முறை 118 பாகை. நாற்பதாவது முறை 96. தோள் மட்டம் என்பது 90. ஒரு நாளில் அவர் நூற்றுக்கணக்கான முறை கையைத் தூக்குகிறார். வைத்தியர் ஒரே முறை, அதுவும் காலையில், அளந்தார். என் கணக்கில் ஓரிரு பாகை பிழை இருக்கலாம். இருபத்திரண்டு பாகை பிழை இருக்காது.

5. சென்ற வெள்ளிக்கிழமை மாலை, அரிசி மூட்டைகள் நிறைந்த வலை சரக்கறையிலிருந்து மேலே வந்தபோது அவர் 'தூக்கு' காட்டினார். அசந்துபோன கை பாதியில் நின்றது. விஞ்சுக்காரர் ரஷீது அதை 'நிறுத்து' என்று கண்டு நிறுத்தினார். மற்ற விஞ்சு இழுத்ததில் வலை சரக்கறை வாயின் விளிம்பில் மோதி, இரண்டு மூட்டைகள் கீழே சரக்கறையில் வேலை செய்யும் தவசிமுத்துவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தன. "இன்னா கஸ்பாரு, உன் கை இன்னா ராயபுரம் ரயிலு கைகாட்டியா, பாதில நிக்குது?" என்று ரஷீது கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். என் தகப்பனார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கம்பெனி அவருக்கு 'அஜாக்கிரதை' என்று எச்சரிக்கைக் கடிதம் தந்தது. தோள் சரியாக இருப்பதாக வைத்தியர் எழுதியிருப்பதால், தவறு மனிதனுடையது என்கிறார்கள்.

6. ஆகவே, குதிகால் தரையிலும் முதுகு சுவரிலும் இருக்க, நாற்பது முறை தூக்கிய பிறகு, மாலையில் அவர் தோளை அளக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை, மூட்டை எண்ணும் வேலையோ, வாசல் காவலோ, எதுவானாலும் சரி.

நேற்று தவசிமுத்து மாமாவிடம் இந்த அளவுகளைக் காட்டினேன். "போம்மா, உங்க நைனா கைய நம்பி பத்து வருசமா எறங்கிகினு கீறேன்" என்று சிரித்துக் காகிதத்தைத் திருப்பித் தந்தார். இன்று காலையும் சரக்கறைக்குள் இறங்கிவிட்டார். அவர் அந்தக் கையை நம்புகிறார், ஐயா. நான் அதை அளந்திருக்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
க. அடைக்கலமேரி

இடம்: ராயபுரம்
தேதி: 12-7-1954

இணைப்பு: ஆறு நாள் அளவுகள், ஒரு தாள்.