காப்புக் காலத்தில் டி.வி.யில் துள்ளிய மீன்

அனுப்புநர்
க. கவிதா,
வீடியோ கலைஞர்,
வாழவந்தி நாடு, கொல்லிமலை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: பூட்டி வைக்கப்பட்டுள்ள கடலோர வீடியோ கேசட்டை விசாரணை நாளுக்கு முன் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கொல்லிமலையில் பிறந்து, கடற்கரை மக்களின் வாழ்வை வீடியோவில் பதிவு செய்து வருபவள். மலைக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று பலரும் கேட்டுவிட்டார்கள். எங்கள் ஓடைத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது என்பதே என் பதில்.

2. காவிரி கடல் சேரும் பக்கத்திலுள்ள மீனவர் குப்பம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் படம் எடுத்தேன். ஊரை ஒட்டி இறால் பண்ணை வந்தபின் அங்குள்ள குடிநீர்க் கிணறு உப்பாகிவிட்டது. மீன் விற்கும் செங்கமலம் அந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீரில் சோறு பொங்கி, ஒரு கவளம் வாயில் வைத்துத் துப்புவது என் கேசட்டில் இருக்கிறது. பிறகு பண்ணைக்காரர்கள் கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டு, அங்கே கிணறே இருந்ததில்லை என்கிறார்கள். இது குறித்த விசாரணை வரும் 20ஆம் தேதி நடக்கிறது.

3. சென்ற மாதம் எங்கள் ஊரில் இந்தப் படத்தைப் போட்டேன். மாரியம்மன் நோன்புக்குக் காப்பு கட்டியிருந்த நேரம். கவிச்சி ஊருக்குள் வரக் கூடாது. டி.வி.யில் வலை நிறைய மீன் துள்ளியதும் விவசாயி கருப்பண்ணன் எழுந்துபோய்ப் புகார் கொடுத்தார். பகுதி அலுவலர் ஒருவர் வந்து கேசட்டை எடுத்துப்போய்த் தம் அலுவலக அலமாரியில் பூட்டினார்.

4. மறுநாளே ஊர்க்கூட்டம் கூடியது. “மீன் வாசம் வந்துச்சாங்க?” என்று ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி கேட்டார். “இல்லீங்க” என்றார் கருப்பண்ணன். “வாசமில்லாத மீனுக்குத் தீட்டு ஏதுங்க?” என்று தீர்ப்பாயிற்று. கருப்பண்ணனும் அன்றே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது என்னைக் காணும்போதெல்லாம், “அந்தக் கெணறு என்னாச்சு கண்ணு?” என்று அவர்தான் கேட்கிறார்.

5. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. காப்பு அவிழ்த்து வெகுநாளாகியும், மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார் அலுவலர். கோடை மழை ஈரத்தில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடித்தால் படம் போனது போனதுதான். பிரதி எடுக்கும் முன்பே பூட்டிவிட்டார்கள். எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. ஆயினும் தங்கள்மேல் நம்பிக்கை வைத்தே எழுதுகிறேன்.

6. கேசட்டோடு விசாரணைக்கு வருவேன் என்று செங்கமலத்திடம் சொல்லியிருக்கிறேன். வருவேன். அலுவலர் கேட்கும் மேலிடத்து உத்தரவைத் தாங்கள் ஒரு வரியில் இட்டு, 18ஆம் தேதிக்குள் கேசட் என் கைக்கு வரச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்குப் படத்தைப் பிறகு காட்டிக்கொள்ளலாம், கருப்பண்ணன் காத்திருப்பார். மூடிய கிணற்றுக்கு அந்த விசாரணை நாள் ஒன்றுதான் இருக்கிறது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
க. கவிதா

இடம்: வாழவந்தி நாடு
நாள்: 12.05.2003